ஐந்து பூனைகளில் ஒன்றுக்கு லுகீமியா: லயன் வீட்டில் என்ன செய்யலாம்?

வந்த கேள்வி இது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயன் என்ற வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு காம்பரா (அறை), ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை. ஐந்து பூனைகள். அதில் செவலை என்ற ஒன்றரை வயதுப் பெட்டை மெலிந்துகொண்டே வந்ததால் கிளினிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கொஞ்சம் இரத்தம் எடுத்து, அங்கேயே ஒரு கிட்டில் பார்த்து, 'லுகீமியா பொசிட்டிவ்' என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு மருந்து கிடையாது, மற்ற நாலையும் காப்பாற்ற வேண்டுமானால் ஊசி போட்டுத் தூங்கவைப்பது நல்லது என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்கள். டவுனில் மீன் கடைப் பக்கம் விட்டுவிட்டு வரலாம் என்கிறார் அம்மா. பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் தொற்றிவிடும் என்று பக்கத்துக் காம்பராவில் பயப்படுகிறார்கள். இதற்கிடையில் ஒருவர் ஒரு குட்டியைத் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

தங்கச்சி, முதலில் பக்கத்துக் காம்பராவுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். இங்கே லுகீமியா என்பது பூனைக்குப் பூனை பரவும் ஒரு வைரஸ். அது மனிதருக்குத் தொற்றுவதில்லை, நாய்க்கும் தொற்றுவதில்லை. 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, பூனையிடமிருந்து ஒரு மனிதருக்கு இந்த நோய் வந்ததாக நிரூபணம் இல்லை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இதற்காகப் பயப்படத் தேவையில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்குப் பூச்சி, தோல் நோய் என்று வேறு ஏதாவது ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு, தொட்ட பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

அடுத்தது அந்த ரிசல்ட். அந்த கிட் தேடுவது வைரஸின் உடம்பில் உள்ள ஒரு புரதத்தை. நல்ல டெஸ்ட்தான், ஆனால் அது காட்டுவது அன்றைய நிலைமையை மட்டும். ஒரு நோய் அபூர்வமாக உள்ள இடத்தில் நல்ல சுகமாக இருக்கும் பூனைக்குப் பொசிட்டிவ் வந்தால், அது பிழையான பொசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு நாம் நினைப்பதைவிட அதிகம். செவலை மெலிந்திருப்பதால் அவளுடைய ரிசல்ட் உண்மையாக இருக்கவே சாத்தியம் கூட. ஆனாலும் மெலிவதற்குக் குடல் பூச்சியும் ஈறுப் புண்ணும் போதும். அதனால் இரண்டாவது டெஸ்ட் இல்லாமல் எந்த முடிவும் வேண்டாம். வேறு கம்பெனி கிட்டில் இன்னொரு முறை பார்க்கலாம், அல்லது இரத்தத்தை லாப்புக்கு அனுப்பி, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் செய்யலாம். கண்ணீர், எச்சில் எடுத்துப் பார்க்கும் முறையை ஒத்துக்கொள்ளாதீர்கள், இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். இது எங்கே செய்யலாம் என்று தெரியாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். கேட்காமல் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் ஏறிப் போய் நின்றால், பூனையும் களைத்து நீங்களும் களைத்ததுதான் மிச்சம்.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வைரஸ் உடம்புக்குள் போன எல்லாப் பூனைக்கும் ஒரே முடிவு இல்லை. சில பூனைகள் அதை முழுதாக அடித்துத் துரத்திவிடும். சிலவற்றில் வைரஸ் எலும்பு மச்சைக்குள் ஒளிந்துகொள்ளும். இரத்தத்தில் அந்தப் புரதம் இருக்காது, எச்சிலிலும் வைரஸ் வராது, பூனை பல வருடம் சாதாரணமாக வாழும். இன்னும் சிலவற்றில்தான் அது ஓயாமல் பெருகி இரத்தச்சோகை, புற்றுநோய், எதிர்ப்புச் சக்தி இழப்பு என்று கொண்டுபோகும். முதலில் பொசிட்டிவ் வந்து மூன்று நான்கு மாதத்தில் நெகட்டிவுக்குத் திரும்பும் பூனைகள் உண்டு. கொல்லப்பட்ட பூனைக்கு அந்த மூன்று மாதம் கிடைக்காது. டெஸ்ட் பொசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காகப் பூனையைக் கொல்லக்கூடாது என்றுதான் பூனை மருத்துவர்களின் சர்வதேச வழிகாட்டிகளும் சொல்லுகின்றன. உங்களுக்கு யோசனை சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். பழைய பாடம் அப்படித்தான் இருந்தது.

மீன் கடை யோசனையை அம்மா விட்டுவிடட்டும். செவலைக்கு நோய் உண்மையென்றால் அவள் எச்சிலோடு டவுன் பூனைகள் எல்லாவற்றுக்கும் அது போகும். அவளும் அந்தக் குளிரில் மாதக்கணக்கில் தாங்கமாட்டாள்.

சரி, மற்ற நாலு பூனைகள். இங்கேதான் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. நாலுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஒன்றும் தெரியாமல் பிரித்து வைப்பதும் சேர்த்து வைப்பதும் ஊகம்தான். நெகட்டிவ் வந்தாலும் அண்மையில் தொற்றியிருந்தால் கிட்டில் தெரியாது, அதனால் ஒன்று இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். நாலுக்கும் ஒரேயடியாகச் செலவழிக்கக் கஷ்டம் என்றால் வயது குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். இந்த வைரஸ் குட்டிகளை எளிதாகப் பிடிக்கும். வயது கூடக் கூடப் பூனைக்குத் தானாகவே ஓர் எதிர்ப்பு வருகிறது, முழுப் பாதுகாப்பு இல்லாவிட்டாலும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்று பூனைகள் நாலு வயதுக்கு மேல். செவலையோடு ஒரு வருடத்துக்கு மேல் ஒரே அடுப்படியில் படுத்தும் அவை சுகமாக இருக்கின்றன என்றால், வந்த வைரஸை எதிர்த்து நின்றிருக்கவும் வாய்ப்பு நிறைய உண்டு. எனக்குக் கவலை நாலாவதான அந்த எட்டு மாதக் கடுவனை, அந்த ஆண் பூனையைப் பற்றித்தான்.

நெகட்டிவான பூனைகளுக்குத் தடுப்பூசி உண்டு. உலகத்தில் இதற்கு முதல் தடுப்பூசி 1985-இல் வந்துவிட்டது. மூன்று நாலு வாரம் இடைவெளியில் இரண்டு ஊசி, ஒரு வருடத்தில் மறுபடி ஒன்று. நோயுள்ள பூனையோடு ஒரே வீட்டில் இருப்பதால் உங்கள் பூனைகளுக்கு அதற்குப் பிறகும் வருடா வருடம் போடச் சொல்லுவார்கள். பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பூனைக்கு வழக்கமாகப் போடும் 'மூன்று நோய் ஊசி'யில் லுகீமியா கிடையாது. தடுப்பூசி கார்டை எடுத்துப் பாருங்கள். லுகீமியா என்று தனியாகக் குறித்திருக்காவிட்டால் போடவில்லை என்றுதான் அர்த்தம். கிளினிக்கில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எடுப்பித்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏற்கனவே தொற்றிய பூனைக்கு இந்த ஊசியால் பிரயோசனம் இல்லை, அதனால்தான் டெஸ்ட் முதலில், ஊசி பிறகு. இது நூற்றுக்கு நூறு காப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி செவலை உட்பட ஐந்துக்கும் வேண்டும். இந்த நாட்டில் அதில் சலுகை பார்க்க முடியாது.

இப்போது வீட்டுக்குள் வருவோம். புத்தகத்தில் இருப்பது 'பொசிட்டிவ் பூனையைத் தனி அறையில் வையுங்கள்'. இரண்டு காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு அது எழுதப்படவில்லை. அப்படியே ஒரு கூண்டுக்குள் அடைத்தாலும், மார்கழி தை மாதப் பனியில் தனியே கிடந்து, குளிரிலும் பயத்திலும் அவளுடைய எதிர்ப்புச் சக்தி இன்னும் இறங்கும். பிரிக்க முடிந்தால் பிரியுங்கள், அதுதான் பாதுகாப்பு. முடியாவிட்டால் அதற்காக யாரையும் வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை. வைரஸ் எந்த வழியால் போகிறது என்று பார்த்து அந்த வழியை ஒடுக்குவோம்.

அது போவது முக்கியமாக எச்சிலில். நோய் பெருகிவரும் பூனையின் எச்சிலில் வைரஸ் இலட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் வெளியே வந்து காய்ந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். சாதாரணச் சவர்க்காரமும் அதைக் கொன்றுவிடும். ஆகவே காற்றும் சுவரும் எதிரி இல்லை. ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்வது, கடிப்பது, தாயிடமிருந்து குட்டிக்குப் போவது, இவைதான். ஒரே தட்டில் சாப்பிடுவதும் கொஞ்சம். மலையகத்தில் நக்குவது ஏன் இவ்வளவு அதிகம் என்று யோசித்திருக்கிறீர்களா? குளிர். இரவில் விறகடுப்பு அணைந்த பிறகும் சூடு நிற்கும் அந்த ஒரு சாண் இடத்தில் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் முகத்தை நக்காமல் இருக்குமா? தட்டைப் பிரித்துவிட்டுப் படுக்கையைச் சேர்த்து வைத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

அதனால் சூட்டைப் பங்கு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டைப் பெட்டி, அடியில் மடித்த சாக்கு, மேலே பழைய சுவெட்டர். செவலையின் பெட்டி மற்றவற்றுக்குத் தள்ளி, ஆனால் சூடு குறையாத இடத்தில். வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் அவள் அடுப்படியைத் தேடி வரமாட்டாள். (அதற்குத் தடித்த கண்ணாடி ஆராக்குப் போத்தல் நல்லது. வீட்டில் யாராவது அதைக் காலி செய்து வைத்திருப்பார்கள்.) கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் கை தாங்கும் சூட்டில் ஊற்றி, மூடியை இறுக்குங்கள். இரவிலாவது செவலையையும் அந்தக் கடுவனையும் இரண்டு காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்தினால், அதுவே பெரிய வித்தியாசம். தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் ஆளுக்கொன்று, தினமும் சவர்க்காரம். மணல் தட்டு இரண்டு மூன்றாக இருக்கட்டும். சிறுநீர், மலம் வழியாகத் தொற்றுவது குறைவு என்றாலும் ஒரே தட்டுக்குச் சண்டை வேண்டாம்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஐந்துக்கும். கடுவன் வெளியே போய்ச் சண்டை பிடித்துக் கடிபட்டு வருவது அதனால் நன்றாகக் குறையும். செவலை கர்ப்பமானால் குட்டிகள் பெரும்பாலும் தக்காது, தக்கினாலும் நோயோடுதான் வளரும். அவளுக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

வெளியே விடாமல் வைப்பது லயத்தில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சுவரை அடைத்தாலும் கூரைக்குக் கீழே ஒரு காம்பராவிலிருந்து மறு காம்பராவுக்குத் திறந்தே கிடக்கும் லயங்கள் இன்னும் உண்டு. பூனைக்கு அது நேர் ரோட்டு. அந்த இடைவெளியைக் கம்பி வலையால் அடையுங்கள், இஸ்தோப்புக்கும் ஒரு வலை அடித்தால் பகலில் வெயில் காயலாம். முழுக்க முடியாவிட்டாலும் பொழுது சாய்ந்த பிறகு உள்ளே எடுத்துவிடுங்கள். சண்டையும் இரவில்தான், காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் மாட்டுவதும் இரவில்தான். பக்கத்து வீட்டிலும் பூனை உண்டென்றால் இது அவர்களையும் காப்பது. அவர்களோடு பேச அதுவே நல்ல காரணம்.

சாப்பாட்டில் ஒரு விசயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாம் சாப்பிட்ட குழம்பைச் சோற்றில் பிசைந்து பூனைக்கு வைப்பது வழக்கம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும், சமைத்தாலும் அதே கதைதான். இரத்தச்சோகை வரக்கூடிய ஒரு பூனைக்கு வெங்காயக் குழம்பு ஊற்றுவது நோய்க்கு நாமே கை கொடுப்பது. நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து, அவித்து, உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, முள் பார்த்துக் கொடுங்கள். கோழி ஈரல், கோழித் துண்டு, முட்டை எதுவானாலும் வேகவைத்ததாக இருக்கட்டும், ஈரல் மட்டும் அளவோடு. பச்சை இறைச்சியும் பச்சை மீனும் செவலைக்கு வேண்டாம், அதில் உள்ள கிருமியோடு போராட அவளால் முடியாது. வெறும் சோற்றில் பூனை வாழாது. முடிந்த அளவுக்குப் பக்கெட் பூனைச் சாப்பாட்டையும் கலந்து கொடுங்கள், அதில்தான் பூனைக்குத் தேவையான சத்து அளவாக இருக்கும். பால்மா கரைத்துக் கொடுத்தால் வயிற்றோட்டம்தான் மிச்சம்.

மருந்துப் பக்கம். வைரஸைத் துடைத்தெடுக்கும் மருந்து இல்லை. மனிதரின் எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் சில மருந்துகளையும் இன்டர்பெரோனையும் பூனைகளில் முயன்றிருக்கிறார்கள். பலன் சுமார்தான், சில மருந்து இரத்தச்சோகையைக் கூட்டவும் செய்யும். அதைத் தேடிக் கடன்படாதீர்கள். டெங்குவுக்குச் செய்வதுபோல் பப்பாளி இலைச்சாற்றை வாயில் திணிக்கவும் வேண்டாம். உங்கள் காசு போகவேண்டிய இடம், கூடவே வரும் நோய்களைச் சீக்கிரம் பிடிப்பது. அவற்றில் பலதும் மருந்துக்குக் கேட்கும்.

அதில் தெள்ளு முக்கியம். தெள்ளுக்கும் இரத்தச்சோகைக்கும் நேரடித் தொடர்பு உண்டு: இரத்தத்தை உறிஞ்சுவது ஒரு பக்கம், சிவப்பணுக்களில் ஒட்டி வாழும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியைப் பரப்புவதாகக் கருதப்படுவது மறுபக்கம். லுகீமியா உள்ள பூனையில் அந்தக் கிருமி கடுமையாகத் தாக்கும். ஆனால் அதற்கு டொக்சிசைக்கிளின் என்ற சாதாரண மருந்து உண்டு. 'வைரஸால் வந்த சோகை, ஒன்றும் செய்ய முடியாது' என்று யாராவது சொன்னால், மைக்கோபிளாஸ்மா பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். டொக்சிசைக்கிளின் குளிசையைப் பூனைக்கு வெறுமனே விழுங்கக் கொடுக்கக்கூடாது. அது தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, குழாயையே சுருக்கிவிடும். குளிசை போனதும் சிரிஞ்சியில் 5, 6 மில்லிலீற்றர் தண்ணீர் மெதுவாகக் கொடுங்கள், அல்லது உடனே சாப்பாடு. தெள்ளு மருந்து வாங்கும்போது நாய்க்கானதை வாங்கிப் பூனைக்குப் போடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வலிப்பு வந்து செத்துப்போகும். காய்ச்சல் என்று பனடோலும் (பரசிட்டமோல்) கொடுக்காதீர்கள். பாதிக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஸ்டீரொயிட் ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதற்கெடுத்தாலும் ஒரு ஊசி போட்டுவிட்டால் பூனை அன்று மாலையே துள்ளும், எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அது எதிர்ப்புச் சக்தியை அமுக்கும், ஒளிந்திருந்த வைரஸை எழுப்பவும் கூடும். ஈறு முழுக்கப் புண்ணாகிச் சாப்பிட முடியாத நிலையிலும், புற்றுநோய் மருத்துவத்திலும் அது தேவைப்படலாம். அப்படிக் காரணம் சொல்லிப் போட்டால் சரி. 'சும்மா உசாராக' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கே போனாலும் இந்தப் பூனைக்கு லுகீமியா பொசிட்டிவ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைத்தியரிடம் காட்டி, முடிந்தால் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பாருங்கள். இடையில் நீங்கள் பார்க்க வேண்டியது அதிகமில்லை. மாதம் ஒரு முறை நிறை. கொழுந்து நிறுக்கும் தராசில் பூனையின் நூறு கிராம் தெரியாது, கடை டிஜிட்டல் தராசில் கூடையோடு நிறுத்துக் கூடையைக் கழித்துவிடுங்கள். வாரம் ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வெளிறியிருந்தால் தாமதிக்க வேண்டாம். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் அன்றே கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் இளம் பூனைகளுக்கு நெஞ்சுக்குள் கட்டி வளர்ந்து மூச்சை அடைப்பது உண்டு. தாடைக்குக் கீழே நெறி, கண்மணி இரண்டும் வேறு வேறு அளவில் தெரிவது, விடாத வயிற்றோட்டம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பது, இவையும் காத்திருக்கக்கூடிய விசயங்கள் இல்லை. பட்டணத்தில் இருப்பவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடலாம். முதல் பஸ்ஸை விட்டால் அடுத்த நாள்தான் என்ற இடத்தில் இருப்பவர் ஒரு நாள் முந்திக் கிளம்ப வேண்டும்.

எவ்வளவு காலம் இருப்பாள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது டெஸ்ட்டும் அதற்குப் பிந்தியதும் பொசிட்டிவாகவே நின்றால், அப்படிப்பட்ட பூனைகளில் பெரும்பாலானவை மூன்று வருடத்துக்குள் போய்விடுகின்றன. அதைத் தாண்டி வாழ்வதும் உண்டு, நல்ல பராமரிப்புள்ள வீட்டில் அது கூடுதலாகத்தான் நடக்கிறது. நெகட்டிவாகத் திரும்பினால் மற்றப் பூனையைப்போல் வாழலாம். அப்போதும் அவளுடைய இரத்தத்தை வேறு பூனைக்கு ஏற்றக்கூடாது. தூங்கவைக்கும் ஊசி எப்போது என்றால், அவள் சாப்பிடுவதை நிறுத்தி, மூச்சுக்குத் திணறி, மருந்தும் கேட்காமல், உங்களைக் கண்டும் எழாத நாளில். அப்போது அது கருணை. இப்போது அவள் மெலிந்திருந்தாலும் ஜன்னலில் குருவி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக அந்தக் குட்டி. வேண்டாம். ஐந்து பூனைகளின் நிலை என்னவென்று தெரியும்வரை புதிதாக ஒன்றும் உள்ளே வரக்கூடாது, அதுவும் குட்டி கூடவே கூடாது. இந்த வைரஸுக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. செவலை பொசிட்டிவாக இருக்கும் காலம் முழுவதும் அதே பதில்தான். தருகிறேன் என்றவரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், அவருடைய தாய்ப் பூனைக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றலாம். பின்னொரு நாள், செவலை இல்லாத காலத்தில் எடுப்பதென்றால், வைரஸுக்குப் பயந்து வீட்டை மாதக்கணக்கில் காலியாக வைக்கத் தேவையில்லை. தட்டு, பெட்டி, துணிகளைக் கழுவி வெயிலில் போட்டால் போதும். வருகிற குட்டிக்கு டெஸ்ட், இரண்டு ஊசி, அதன் பிறகு வீட்டுப் பூனைகளோடு சேர்க்கலாம். குட்டிக்கு எந்த வயதிலும் இந்த டெஸ்ட்டை எடுக்கலாம், தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தியோ போட்ட தடுப்பூசியோ அதைக் குழப்பாது.